டிவி கேம் பெட்டியின் இசை: கேட்டுப் பழகுவது முதல் சொந்தமாக இயற்றுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வீடியோ கேம்களின் இசை ஏன் பிடிக்கிறது என்று கேட்டால், "சின்ன வயது ஞாபகம்" என்று சொல்லிவிட்டு நகர்பவர்களே அதிகம். எனக்கு இந்தப் பதிலில் திருப்தி இல்லை. குன்னூரில் எங்கள் தெருவில் இந்த இசையைக் காதில் மாட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகள், கேசட் செருகி ஆடும் டிவி கேம் பெட்டிகள் கடைகளை விட்டுப் போன பிறகு பிறந்தவர்கள். ஞாபகம் வர அவர்களுக்கு என்ன இருக்கிறது?

அவர்களைப் பிடித்து வைத்திருப்பது மெட்டு. ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரங்களுக்கு மேல் ஒலிக்கத் திணறும் ஒரு சிப்பில் இசையமைப்பாளர் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. வயலின் கூட்டம் இல்லை, பாடகரின் குரல் இல்லை, சொல்லின் துணையும் இல்லை. போதாக்குறைக்கு, ஒரே கட்டத்தில் தோற்றுத் தோற்று ஆடுபவர் அந்த ஒரு நிமிட இசையை ஒரு மாலைக்குள் எத்தனையோ முறை கேட்டாக வேண்டும். அத்தனை முறையும் சலிக்காத மெட்டைத்தான் பெட்டிக்குள் வைக்க முடியும். மற்றவை டிவியின் சத்தத்தைக் குறைக்க வைத்துவிடும்.

இந்த இசைக்குச் சிப்டியூன் என்று பெயர். கேட்பதில் தொடங்கி, ஒரு சிறு உருப்படியை நீங்களே இயற்றி முடிப்பது வரை இங்கே பார்க்கலாம். ஏதாவது ஒரு பழைய மடிக்கணினியும் சுமாரான ஹெட்போனும் போதும். வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போனால் எப்போது வருமென்று தெரியாத மலை ஊர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. இதற்கான மென்பொருள்கள் பேட்டரியை அதிகம் தின்பதில்லை. இயற்றிய கோப்பும் சில கிலோபைட்தான். எஸ்டேட் பக்கம் சிக்னல் ஒரு கோடு காட்டினாலே நண்பருக்கு அனுப்பிவிடலாம்.

முதல் படி: சிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிப்டியூனுக்குப் பல இயந்திரங்கள் உண்டு. 1982இல் வந்த கமடோர் 64 கணினியில் பாப் யான்ஸ் வடிவமைத்த 'சிட்' சிப் இருந்தது. மூன்றே குரல்கள், ஆனால் ஒலியைக் குழைக்க ஃபில்டர் உண்டு. 1989இல் வந்த கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியில் நான்கு சேனல்கள், அதாவது தனித்தனியே ஒலிக்கும் நான்கு இழைகள். இந்த வழிகாட்டி நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற டிவி கேம் பெட்டியை மட்டும் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் நகல்கள் என்பதே காரணம்.

ஃபாமிகாமின் இதயம் ரிக்கோ நிறுவனத்தின் 2ஏ03 வகைச் சிப். கணக்குப் போடுவதும் பாடுவதும் அதே சிப்தான். அதில் ஐந்து சேனல்கள்.

முதல் இரண்டும் துடிப்பு அலைகள். மின்சாரம் மேலே ஒரு நிலை, கீழே ஒரு நிலை என்று மாறி மாறித் தாவும்போது எழும் ஒலி. ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே இருக்கிறது என்பதை வைத்து ஒலியின் நிறம் மாறும். 12.5 சதவீதம் என்றால் மூக்கால் பாடுவதுபோல் மெலிந்திருக்கும். 25 சதவீதம் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். 50 சதவீதம் உள்ளீடற்ற, சற்று உருண்டையான ஒலி. 75 சதவீதமும் உண்டு. காதுக்கு அது 25தான். ஒலி அளவில் 16 நிலைகள்.

மூன்றாவது முக்கோண அலை. மென்மையானது, அடித்தள ஸ்வரங்களுக்கு ஏற்றது. இதற்கு ஒலி அளவே கிடையாது: ஒலிக்கும், அல்லது ஒலிக்காது. இந்தக் குறையை இசையமைப்பாளர்கள் தந்திரமாக்கிக்கொண்டார்கள். முக்கோண அலையின் சுருதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலிருந்து கீழே இழுத்தால் 'தும்' என்று ஒரு முரசடி கிடைக்கும். ஒரே சேனல், முரசாக ஓர் அடி அடித்துவிட்டு உடனே அடித்தள ஸ்வரத்துக்குத் திரும்பிவிடும். கேட்பவருக்கு இரண்டு வாத்தியங்கள் இருப்பதாகவே தோன்றும்.

நான்காவது இரைச்சல்: தாளத்துக்கு, மழைக்கு, வெடிக்கு. ஐந்தாவது, பதிவு செய்த ஒலித்துணுக்கை வாசிப்பது. இது நினைவகத்தை விழுங்கும் என்பதால் பலர் அதன் பக்கமே போகவில்லை. 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டு முழுவதும், படமும் இசையும் விதிகளும் சேர்ந்து, 40 கிலோபைட்டில் அடங்கியது என்றால் நெருக்கடி புரியும்.

இதில் இன்னொரு தொல்லை. விளையாடுபவர் குதித்தாலோ சுட்டாலோ எழும் சத்தத்துக்குத் தனிச் சேனல் கிடையாது. இசையின் சேனல் ஒன்றைத்தான் அந்த நொடிக்குப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு துண்டு காணாமல் போனாலும் காது தானே நிரப்பிக்கொள்ளும்படி மெட்டு வலுவாக இருக்க வேண்டியிருந்தது.

இந்த இசையைப் பற்றிப் பேசும்போது அடிபடும் '8 பிட்' என்பது சிப்பில் கணக்குப் போடும் பகுதியின் அளவு. ஒலியின் தரத்தைக் குறிப்பதாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: நம் காது எதைக் கேட்டது என்று அறியுங்கள்

இந்தப் பகுதியைப் பலர் தவறவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

அந்தக் கால விளையாட்டுகளின் இசை டிவித் திரையோடு கட்டப்பட்டது. திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது இசையும் ஓர் அடி நகரும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. இந்தியாவில் நாம் பயன்படுத்திய 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 50 தடவை. அதற்கேற்ப வந்த பெட்டியில், ஜப்பானியருக்காக எழுதப்பட்ட இசையை அப்படியே போட்டால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறைந்துவிடும். நிமிடத்துக்கு 150 துடிப்பாக எழுதியது 125 துடிப்பாக ஒலிக்கும்.

வேகம் குறைந்தால் சுருதியும் இறங்க வேண்டாமா? டேப் ரெக்கார்டரில் இறங்கும். இங்கே ஸ்வரத்தின் சுருதியைத் தீர்மானிப்பது சிப்பின் கடிகாரம், திரை இல்லை. பால் டிவிக்கென்று வந்த நகல் சிப்களில் ஒரு முக்கிய வகையின் கடிகாரம் ஜப்பானியச் சிப்பின் கடிகாரத்தை ஒட்டியே இருந்தது. அதனால் சுருதி கிட்டத்தட்ட அப்படியே நிற்க, நடை மட்டும் நிதானமாகிவிட்டது.

இதோடு முடியவில்லை. நகல் சிப்கள் பலவற்றில் 25 சதவீத அலையும் 50 சதவீத அலையும் இடம் மாறிக் கிடந்தன. பளிச்சென்று இருக்க வேண்டிய மெட்டு உருண்டையாகவும், பின்னால் இருக்க வேண்டியது முன்னாலும் வந்து நின்றன. இன்று இணையத்தில் அசல் இசையைக் கேட்டுவிட்டு "இது நாங்கள் கேட்டது மாதிரி இல்லையே, அவசரப்படுகிறதே" என்று முணுமுணுப்பவர்களின் காது பழுதாகிவிடவில்லை. அவர்கள் கேட்டது உண்மையிலேயே வேறு. நகல் என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், நிதானமான அந்த நடையில் சில மெட்டுகள் இன்னும் நன்றாகவே இருந்தன.

மூன்றாம் படி: பிரித்துக் கேளுங்கள்

ஃபாமிகாம் இசைக்கு என்எஸ்எஃப் என்றொரு கோப்பு வகை உண்டு. அதில் இருப்பது ஒலிப்பதிவு இல்லை. சிப்புக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகள். அதை வாசிக்கும் மென்பொருள்களில் ஒவ்வொரு சேனலையும் தனியாக நிறுத்தவும் ஒலிக்கவும் முடியும். ஒவ்வொரு சேனலின் அலையையும் தனித்தனிக் கோடாக ஓட விடும் காணொளிகளும் இணையத்தில் நிறைய இருக்கின்றன.

கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் முக்கோண அலை மட்டும். பிறகு இரைச்சலைச் சேருங்கள். பிறகு இரண்டாவது துடிப்பு அலை. மெட்டைக் கடைசியில் திறந்துவிடுங்கள். முதலிலேயே மெட்டைக் கேட்டுவிட்டால் காது வேறு எதையும் கவனிக்க மறுக்கும்.

சூப்பர் மாரியோவின் தரைக் கட்ட இசையை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்றியவர் கோஜி கோண்டோ. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்த இசை இது. தொடக்கத்தில் இரண்டு துடிப்பு அலைகளும் முக்கோண அலையும் ஒரே தாளக்கட்டில் சேர்ந்தே குதிக்கின்றன. மூன்றே இழைகளை ஒரே நேரத்தில் குதிக்கவிட்டால் பெருங்கூட்டம் வாசிப்பதாக ஒரு மயக்கம் வருகிறது. பிறகுதான் அவை பிரிந்து தத்தம் வேலைக்குப் போகின்றன. நீருக்கடியில் போகும் கட்டத்தில் மூன்று துடிப்புகள் கொண்ட தாளத்துக்கு இசை மாறுவதையும், ஆட்டத்தில் மிச்சமுள்ள நேரம் 100க்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு ஓட்டமெடுப்பதையும் கேளுங்கள். என்ன நடக்கிறது என்பதை இசையே ஆடுபவருக்குச் சொல்லிவிடுகிறது.

மூன்று உத்திகளை அடையாளம் காணப் பழகுங்கள். ஒன்று, எதிரொலி: முதல் சேனலின் மெட்டையே இரண்டாவது சேனல் சற்றுத் தாமதமாக, சன்னமாக வாசிக்கும். இரண்டு, ஒரு சேனலுக்குள் மூன்று ஸ்வரங்களை மாற்றி மாற்றி நொடிக்கு 50, 60 முறை ஓட விடுவது. காது அவற்றைக் கூட்டு ஸ்வரமாகக் கேட்கும், ஆனால் ஒரு துள்ளலோடு. கமடோர் 64இல் இயற்றிய ஐரோப்பியர்கள் இதில் மன்னர்கள். மூன்றாவது, மேலே சொன்ன முக்கோண முரசு.

நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் இசையைக் கேட்டவர்களுக்கு இந்தச் சிக்கனம் புதிதாகத் தோன்றாது. கொள் என்னும் குழல் மெட்டை எடுத்துக்கொள்கிறது, பறைகள் தாளத்தை எடுத்துக்கொள்கின்றன. இடையில் நிரப்புவதற்கென்று ஒரு வாத்தியமும் இல்லை. காது மெட்டையும் தாளத்தையும் விட்டு எங்கும் ஓட முடியாது.

நான்காம் படி: மென்பொருள்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். உலாவியிலேயே விளையாட்டுப்போல் தொடங்க பீப்பாக்ஸ் போதும். அசல் சிப்பின் கட்டுப்பாட்டோடு எழுத ஃபாமிடிராக்கர், அல்லது பல சிப்களுக்கும் சேர்த்து ஃபர்னஸ். மூன்றும் இலவசம். கீழே உள்ள எண்கள் ஃபாமிடிராக்கருக்கானவை.

டிராக்கர் என்றால் மேலிருந்து கீழே ஓடும் அட்டவணை. 1987இல் அமிகா கணினிக்காக கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய மென்பொருளில் இருந்து வரும் முறை இது. ஒவ்வொரு பத்தியும் ஒரு சேனல், ஒவ்வொரு வரிசையும் ஒரு கால அளவு. முதல் பார்வைக்குக் கணக்குப் பதிவேடுபோல் மிரட்டும். ஸ்வரங்களைக் காகிதத்தில் எழுதிப் பழகியவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

ஒரு வேண்டுகோள்: படப் பாடலை எடுத்து "8 பிட்" ஆக மாற்றியதாகச் சொல்லும் காணொளிகளை மாதிரியாகக் கொள்ளாதீர்கள். பலவற்றில் ஒரே நேரத்தில் ஏழெட்டு இழைகள் ஒலிக்கின்றன, மேலே எதிரொலி வேறு தெளித்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கீச்சுக் குரல் மட்டுமே.

ஐந்தாம் படி: மலை ரயிலை இயற்றுங்கள்

பயிற்சிக்கு நம் ஊர் ரயிலைவிட நல்ல பொருள் கிடைக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை தரை சமமாக இருக்கும். ரயில் ஓரளவு விரைந்து போகும். கல்லாறில், எஞ்சின் பற்சக்கரத்தால் கவ்விப் பிடித்து ஏறும் பற்சட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை, 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவுவரை ஏறும் சரிவில், நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. முன்பெட்டியில் உட்கார்ந்தால் மூச்சிரைப்பு பின்னாலிருந்துதான் கேட்கும். இந்த வேக மாற்றம்தான் நம் உருப்படியின் கதை. 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் இறங்கும் நான்கு ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வந்து, எதிரிகள் குறையக் குறைய விரைவாகும். நாம் அதைத் தலைகீழாகச் செய்யப் போகிறோம்.

இரைச்சல் சேனலில் தொடங்குங்கள். 64 வரிசை கொண்ட ஒரு பகுதியில் நான்கு வரிசைக்கு ஓர் அடி வையுங்கள். ஒவ்வொரு அடியின் ஒலி அளவும் உச்சத்தில் தொடங்கி உடனே சரிந்து மறைய வேண்டும். மறையாவிட்டால் அது நீராவியாக இருக்காது, அருவியாகிவிடும். நான்கு அடிகளில் முதலாவதைச் சற்று அழுத்தமாகவும், சுருதியில் ஒரு படி தாழ்த்தியும் வைத்தால் சக்கரம் சுழல்வது தெரியும்.

அடுத்து வேகம். ஃபாமிடிராக்கரில் வேகம் 6, டெம்போ 150 என்று தொடங்கும். நான்கு வரிசைக்கு ஒரு துடிப்பு என்று கொண்டால் நிமிடத்துக்கு 150 துடிப்பு. 'வேகம்' என்று எழுதியிருந்தாலும் அந்த எண் கூடினால் இசை மெதுவாகும், ஏனெனில் ஒரு வரிசை எத்தனை கணம் நிற்கும் என்பதையே அது சொல்கிறது. மேட்டுப்பாளையம் பகுதிக்கு 6. கல்லாறில் எஃப் கட்டளையால் 9 ஆக்குங்கள், 100 துடிப்பாகும். வழியில் ஹில்குரோவ் நிலையம் வருவதற்குள் 12; 75 துடிப்பு. கட்டளை பதினாறடிமான எண்ணில் எழுதப்படுவதால் 12 என்பதற்கு 0சி என்று இட வேண்டும்.

முக்கோணத்தில் ஷட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி வரட்டும். ஒரே ஸ்வரத்தை எழுதினாலும் முக்கோண அலை துடிப்பு அலையைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சின்ன ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால் ஒரு ஸ்தாயி ஏற்றி எழுதுங்கள்.

மெட்டுக்கு மோகனம். ஐந்தே ஸ்வரங்கள் என்பதால் எதிரொலிச் சேனலோடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் உறுத்தாது. விசைப்பலகையின் கீழ் வரிசையில் ச, ரி, க, ப, த ஆகியவை முறையே இசட், எக்ஸ், சி, பி, என் விசைகளில் கிடைக்கும். மேல் ஷட்ஜம் க்யூ. 'க ப த ப, க ரி ச' என்ற பிடியில் தொடங்கி, மேட்டுப்பாளையம் பகுதியில் நான்கு வரிசைக்கு இரண்டு ஸ்வரமாக ஓடவிடுங்கள். கல்லாறுக்குப் பிறகு ஸ்வரங்களைக் குறைத்து, ஒவ்வொன்றையும் நீட்டுங்கள். சரிவில் ஏறும் ரயில் நிறையப் பேசாது. நிறம் 25 சதவீதம்.

இரண்டாவது துடிப்பு அலையில் அதே மெட்டை மூன்று வரிசை தள்ளி ஒட்டி, ஒலி அளவைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கிடைத்துவிடும். விசில் வேண்டிய இடத்தில் எதிரொலியை நிறுத்திவிட்டு, அதே சேனலில் மேல் ஸ்தாயியில் ஒரு நீண்ட ஸ்வரம் வைத்து 047 என்ற கட்டளையைச் சேருங்கள். ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் ஒன்றாகச் சுழன்று ஊதும். ஒருமுறை போதும், குகைக்குக் குகை ஊத நினைத்தால், இந்தப் பாதையில் 16 குகைகள் இருக்கின்றன.

எல்லாம் முடிந்ததும் டெம்போவை 150இலிருந்து 125ஆகக் குறைத்து ஒருமுறை கேளுங்கள். துடிப்பு அலையின் 25ஐ 50ஆகவும் மாற்றுங்கள். இரண்டாம் படியில் சொன்ன நகல் பெட்டியின் இசை இப்போது உங்கள் முன்னால். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கமகம்

கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் இசைப்பது. தமிழ்க் காது இங்கே கொஞ்சம் தகராறு செய்யும். டிராக்கரின் ஸ்வரம் ஆணி அடித்ததுபோல் ஒரே இடத்தில் நிற்கும். அசைக்க 4 என்று தொடங்கும் கட்டளை இருக்கிறது. அடுத்த எண் அசைவின் வேகம், அதற்கடுத்தது ஆழம். ஆனால் அது சீராகவே ஆடும். கமகத்தில் ஸ்வரத்தை ஆட்டும் வகையான கம்பிதம் அப்படிச் சீராக ஆடாது.

ஆகவே கையால் செய்ய வேண்டும். 3 என்று தொடங்கும் கட்டளை ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறி நிற்க நான்கைந்து வரிசைகளாவது வேண்டும். அதனால் கமகம் வைக்க விரும்பும் இடத்தில் மெட்டை மெதுவாக்கியாக வேண்டும். நம் உருப்படியில் அதற்கு இடம் கல்லாறுக்கு மேலேதான்: காந்தாரத்துக்கு ஒன்று, தைவதத்துக்கு ஒன்று. எல்லா ஸ்வரத்தையும் அசைத்தால் சிப்பின் நேரான அழகு போய்விடும். அப்படி அசைத்தே தீருவேன் என்பவர்கள் வீணை வாசிக்கப் போகலாம்.

ஏழாம் படி: வெளியே எடுப்பதும் பழைய பெட்டி வாங்குவதும்

வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது உருப்படி இரண்டு சுற்று ஓடி, பிறகு மெல்ல மறையட்டும். துடிப்பு அலை மற்ற இசையைவிடக் காதில் சத்தமாக விழும் என்பதால் உச்ச அளவைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். ஹெட்போனில் மட்டும் சோதித்தால் போதாது. ஃபோனின் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். முக்கோண அலை காணாமல் போவது அங்கேதான் தெரியும்.

அசல் பெட்டியிலேயே கேட்க ஆசைப்பட்டுப் பழைய டிவி கேம் வாங்குகிறவர்கள், கேசட்டில் அச்சிட்டிருக்கும் '9999 விளையாட்டுகள்' என்ற எண்ணை நம்ப வேண்டாம். சில விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வரும். ஓடவில்லை என்றால் எல்லோரும் செய்வது வாயால் ஊதுவது. மூச்சின் ஈரம் பட்டு உலோக முனைகள் நாளடைவில் அரித்துப்போகும். மலைக் காற்றின் ஈரமே போதும், நாம் வேறு சேர்க்க வேண்டியதில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் முனைகளைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். ஆடி முடித்ததும் கேசட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கேமராவுக்கு வாங்கும் அதே பொட்டலம் போதும். மழைக்காலத்தில் அதை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும்.